இல்லத்துக்குச் சோறு போடும் பண்ணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்தில், பெற்றோர் துணையில்லாத பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தின் பண்ணையைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 14 ஏக்கர். நெல், கடலை, உளுந்து, தென்னை, வாழை, காய்கறி, பூ. கூடவே மாடு, ஆடு, கோழி. நாற்பது பிள்ளைகளும், தங்கி வேலை செய்யும் பன்னிரண்டு பேரும் இங்கே சாப்பிடுகிறார்கள். இதுபோல ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், நன்கொடை கொடுப்பவர்கள், பக்கத்து ஊர் விவசாயிகள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பண்ணையை வச்சே ஒரு இல்லத்தை நடத்திட முடியுமா சார்?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கட்டணம், மருந்து, துணிமணி, ஊழியர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் பணமாகத்தான் வேண்டும். எங்கள் பண்ணை தாங்குவது சமையலறையை மட்டும்தான். அதிலும் முழுக்க இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதிக்கு நன்கொடைதான்.

ஆனால் அந்தப் பாதி சாதாரணப் பாதி இல்லை. தீபாவளி சமயத்தில் ஒரே நாளில் நாலு பேர் பிரியாணி கொண்டு வருவார்கள். பங்குனியில் பத்து நாளைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பண்ணை இருப்பதால் பங்குனியிலும் பிள்ளைக்கு முட்டை உண்டு, பால் உண்டு, கீரை உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்குப் பின்னால் களத்திலிருந்து நெல்லும் அரிசியும் எடுத்துப் போய்க் கொடுத்த கைகள் எத்தனையோ.

ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட எத்தனை ஏக்கர் வேணும்?

அரிசியை வைத்துக் கணக்குப் போடுங்கள். இட்லி, தோசை எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரி 350 கிராம் என்றால், 52 பேருக்கு ஒரு நாளைக்கு 18 கிலோ. வருடத்துக்கு ஆறரை டன்னுக்கு மேல். நெல்லை அரைத்தால் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி நிற்கும். ஆக 10 டன் நெல், அதாவது 60 கிலோ மூட்டையாக 170 மூட்டை. எங்கள் கண்மாய்ப் பாசன வயலில் ஏக்கருக்கு 25 மூட்டை வந்தால் நல்ல மகசூல். அப்படிப் பார்த்தால் அரிசிக்கே ஏழு ஏக்கர் நஞ்சை வேண்டும். எங்களிடம் இருப்பது நாலு. குறைகிற அரிசியை வாங்குகிறோம், சில ஊர்க்காரர்கள் அறுவடை முடிந்ததும் மூட்டையாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

மீதி பத்து ஏக்கர் புஞ்சை, செம்மண், ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். அதில்தான் கடலை, தோப்பு, தீவனம், காய்கறி, பூ, கொட்டகை எல்லாம். உங்களிடம் மூன்று ஏக்கர்தான் இருக்கிறதென்றால் நெல்லைத் தொட வேண்டாம். காய்கறி, முட்டை, பால் இந்த மூன்றையும் பாருங்கள். அரிசியைச் சேமித்து வைக்கலாம், வெளியூரிலிருந்தும் வாங்கலாம். முருங்கைக்கீரையை அப்படி முடியாது.

இத்தனை வகை எதுக்கு? தென்னையை மட்டும் வச்சா வேலை மிச்சம்தானே?

நான் வந்தபோது இங்கே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புஞ்சையில் பெரும்பகுதி தென்னந்தோப்பாக இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் மரம் எல்லாம் ஒரே திசையில், பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. பலா மரங்கள் வேரோடு புரண்டு, வேர்மண் ஆள் உயரத்துக்கு நின்றது. கரண்ட் வரப் பல நாள் ஆனது. இந்தப் பக்கம் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், அந்தப் பக்கம் பட்டுக்கோட்டை, பேராவூரணி, எங்கும் இதே கதை. நெட்டைத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியுமா?

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது குதிரில் இருந்த நெல்லும், பள்ளிக்கூட அறையில் முந்தின நாள் மாலையே அடைத்து வைத்த ஆடுகளும்தான். அதற்குப் பிறகு எந்த ஒரு பயிருக்கும் மூன்று ஏக்கருக்கு மேல் புஞ்சை கொடுப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனி ஆக வேண்டும். இதற்குக் கடலையைப் போல ஒரு பயிர் கிடையாது. ஐம்பது பேர் சமையலுக்கு வருடத்துக்கு 450 கிலோ எண்ணெய் ஆகிறது. செக்கில் ஆட்ட அதற்கு 1,100 கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். தோலோடு என்றால் 1,600 கிலோ சொச்சம், இரண்டு ஏக்கர் விளைச்சல். எண்ணெய் அடுப்படிக்குப் போகும், புண்ணாக்கும் கடலைக்கொடியும் மாட்டுக்குப் போகும், வேர் முடிச்சு நிலத்துக்குத் தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகும். மாட்டின் சாணம் திரும்ப அதே நிலத்துக்கு வரும். எண்ணெய்யைக் கடையில் வாங்கியிருந்தால் இந்தச் சுற்றில் ஒன்றுகூட நமக்கு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. பூசணம் பிடித்த புண்ணாக்கை மாட்டுக்குப் போடாதீர்கள். அதன் நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது பிள்ளைகள்.

நாட்டு மாடா, கலப்பின மாடா? நீங்க எதை வச்சிருக்கீங்க?

ஐந்து கறவை மாடுகள். நாலு ஜெர்சி கலப்பு, ஒன்று நாட்டுப் பசு. எங்கள் ஊர் வெயிலுக்கு ஜெர்சி கலப்பு தாங்கும். ஹோல்ஸ்டீன் கலப்பு பால் அதிகம் தரும், ஆனால் சித்திரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற இனங்கள் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனவை, நோய் எளிதில் அண்டாது, கண்டதைத் தின்று வாழும். ஆனால் பாலுக்கு அவற்றை நம்பி நாற்பது டம்ளரை நிரப்ப முடியாது. பாசம் வேறு, தேவை வேறு.

ஐந்து மாடு எதற்கு என்று அடுத்துக் கேட்பார்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர் போதும், அதற்கு இரண்டு மாடு போதுமே என்பார்கள். மாட்டுக்குச் சினைக்காலம் 280 நாள். கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறவையை நிறுத்திவிட வேண்டும். சினை பிடிக்கத் தாமதம் ஆகலாம், மடிநோய் வரலாம். வருடம் முழுக்க இரண்டு மாடு கறவையில் இருக்க வேண்டுமானால் கொட்டகையில் நாலைந்து இருந்தால்தான் ஆகும். மிஞ்சுகிற பால் பால் சங்கத்துக்குப் போகிறது.

தீவனம் விக்கிற விலைக்கு மாடு கட்டுப்படியாகுதா?

தீவனத்தை விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. ஒரு கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ வைக்கோல், கறக்கும் பாலுக்கு ஏற்ப அடர்தீவனம், 50 கிராம் தாது உப்பு வேண்டும். வைக்கோல் கணக்கு எளிது. ஒரு மாடு வருடத்துக்கு இரண்டு டன் தின்னும். ஒரு ஏக்கர் நெல்லில் ஏறக்குறைய அவ்வளவு வைக்கோல்தான் வரும். ஆக ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு மாடு. வயலில் ஈரம் இருந்தால் அறுவடைக்குச் செயின் வண்டிதான் இறங்கும், அது வைக்கோலை மிதித்துச் சேறாக்கிவிடும். அதனால் தண்ணீரை முன்கூட்டியே வடித்து, டயர் வண்டி இறங்குகிற மாதிரி வயலைக் காயவிடுகிறோம்.

பசுந்தீவனத்துக்கு ஒரு ஏக்கரில் கோ 4, கோ 5 ரகக் கம்பு நேப்பியர் புல். நட்ட 75 நாளில் முதல் அறுவடை, பிறகு 45 நாளுக்கு ஒரு தரம். தென்னைக்கு இடையில் வேலிமசால், வரப்பில் அகத்தி, சவுண்டல். புல் மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், பால் நிரம்பாது. பயறு வகைத் தீவனமும் மரத்தழையும் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

சோளப்பயிர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூ எடுக்காத இளஞ்சோளத்தில், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும்போது, சயனைடு நஞ்சு அதிகம். ஒரு கோடையில் வாடின சோளத்துக்குள் எங்கள் ஆடு இரண்டு புகுந்துவிட்டன. மேய்ந்து அரை மணி நேரம் இருக்காது. வாயில் நுரை தள்ளி, கால் இழுத்துக்கொண்டு, டாக்டர் வண்டி வாசலுக்கு வருவதற்குள் ஒன்று போய்விட்டது. இன்னொன்றுக்கு நரம்பில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். சோளத்தைப் பூத்த பிறகு அறுங்கள், அல்லது அறுத்துக் காயவைத்துப் போடுங்கள். மரவள்ளித் தழைக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆடு, கோழியில நல்ல லாபம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஆட்டில் லாபம் உண்டு, மேய்க்க ஆள் இருந்தால். நாங்கள் கன்னி இன ஆடுகள் இருபது வைத்திருக்கிறோம். ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக்குட்டி. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி இரண்டுக்கும் தடுப்பூசி தவறக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்னால் குடற்புழு நீக்கம். பட்டியை விடியற்காலையில் கூட்டிவிட்டால் நோயில் பாதி குறையும்.

கோழியை நாங்கள் லாபத்துக்கு வைக்கவில்லை. வாரத்துக்குப் பிள்ளைக்கு மூன்று முட்டை, அவ்வளவுதான் இலக்கு. சிறுவிடைக் கோழி, பகலில் தோப்பில் மேயும், இரவில் கூண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. இவை வெள்ளைக்கழிச்சலுக்கு. விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் கூண்டு காலி.

கொட்டகையிலதான் சாணம் கிடக்கே, ஏன் காசு கொடுத்துக் கிடை போடுறீங்க?

எங்கள் மாட்டுச் சாணம் 14 ஏக்கருக்குக் காணாது. அதில் ஒரு பகுதி சாண எரிவாயுக் கலனுக்கும் போய்விடுகிறது (கலனிலிருந்து வரும் கழிவு காய்கறிப் பாத்திக்கு). அதனால் மாசி, பங்குனியில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது, இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போடச் சொல்கிறோம். சில நூறு ஆடுகள் ஒரு இரவு ஒரு இடத்தில் படுத்தால் புழுக்கை மட்டுமில்லை, மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குகிறது. மறுநாள் பட்டியைத் தள்ளிப் போடுவார்கள். கிடை மடக்கிய வயலும் மடக்காத வயலும் பயிரின் பச்சையிலேயே தெரியும். விடிந்ததும் லேசாக உழுதுவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் சத்து பறந்துவிடும்.

நெல்லு அறுத்ததும் வயல சும்மா போடுவீங்களா?

இல்லை, உளுந்து. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மெழுகு பதம் ஈரத்தில் நெல்லுக்குள்ளேயே விதையை வீசிவிடுவோம். வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் எங்களுக்குப் பக்கம். அங்கே வெளியிட்ட வம்பன் ரகங்களைத்தான் போடுகிறோம். எழுபது நாள் சொச்சத்தில் கைக்கு வரும். பனி ஈரமே போதும். இட்லிக்கு உளுந்து வாங்கி நாலு வருடம் ஆகிறது.

பூ எதுக்கு? அதை யாரும் சாப்பிட முடியாதே?

சனிக்கிழமை கூலி கொடுக்க. நெல்லும் கடலையும் வருடத்துக்கு ஒரு தரம் இரண்டு தரம்தான் பணம் காட்டும். மல்லிகை, சென்டி தினமும் காட்டும். காலையிலேயே பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குக் கொண்டு போனால், வாரக்கடைசியில் கையில் ரொக்கம். ஆடியில் முகூர்த்தம் இருக்காது, விலை விழும். பொங்கல் சமயத்தில் பனியால் பூ குறைந்து விலை ஏறும். அரை ஏக்கர்தான். அதுவே எங்கள் கூலி நெருக்கடியைப் பெருமளவு தீர்த்தது.

இல்லத்துக்குத்தானே பால் போகுது, அதுக்கு எதுக்குப் பில்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கும் பில் கிடையாது. பண்ணை இல்லத்தினுடையது, பிள்ளைகளும் இல்லத்துப் பிள்ளைகள், எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்தோம். அப்போது ஒன்பது மாடு. கொட்டகை நிறைய மாடு இருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள், நாங்களும்தான். ஒரு வருடம் ஆடிட்டர் கேட்டதற்காக மூன்று மாதம் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். புண்ணாக்கு, தவிடு, ஆள் சம்பளம், மருந்து எல்லாம் கூட்டி, கறந்த பாலால் வகுத்தால் லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் விழுந்தது. அந்தப் பாலில் பாதிக்கு மேல் சங்கத்துக்கு முப்பது சொச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதில் ஐந்து மாடு பால் வற்றி நின்றது. அதாவது, பிள்ளைகளுக்காக வந்த நன்கொடைப் பணத்தை எடுத்து மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தோம். பண்ணை இல்லத்துக்குக் கொடுப்பதாக நினைத்திருந்தோம். உண்மையில் இல்லம்தான் பண்ணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். பண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போகிற ஒரு கட்டுக் கீரைகூட எடை போட்டு, அன்றைய உழவர் சந்தை விலையில் நோட்டில் ஏறும். பாலுக்குச் சங்கத்து விலை. சமையல்கார அக்கா கையெழுத்துப் போட வேண்டும். மாதம் முடிந்ததும் இல்லத்துக் கணக்கிலிருந்து பண்ணைக் கணக்குக்கு அந்தத் தொகை மாறும். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. வருடக் கடைசியில் பண்ணைக் கணக்கில் மிஞ்சினால் அது இல்லத்துக்குத் திரும்பும். மிஞ்சாவிட்டால் எந்தப் பயிர், எந்தக் கால்நடை தின்றது என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். மாட்டை ஐந்தாகக் குறைத்தது, உருளைக்கிழங்கு முயற்சியைக் கைவிட்டது, பூவுக்கு அரை ஏக்கர் ஒதுக்கியது எல்லாம் அந்த நோட்டு சொன்னதுதான். கொட்டகைத் தூணில் சணல் கயிற்றில் தொங்குகிறது, சாணி விரல் ரேகையோடு. வருகிறவர்களுக்கு மாட்டைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுகிறேன்.

பிள்ளைங்க பண்ணையில வேலை செய்வாங்களா?

மாட்டார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2016 திருத்தமும் சொல்கின்றன. வீட்டுத் தொழிலுக்கு உள்ள விலக்கு இல்லத்துக்குப் பொருந்தும் என்று சிலர் வாதாடுகிறார்கள். பொருந்தாது. இல்லம் அவர்களுடைய வீடுதான், ஆனால் பண்ணை அவர்களுடைய குடும்பத் தொழில் இல்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். சோற்றுக்கு வேலை செய்கிறோம் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனதில் விழுந்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, விருப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும், சின்னப் பாத்தியில் தங்களுக்கென்று வெண்டை, அவரை போடுகிறார்கள். அந்தக் காய் நோட்டில் ஏறாது, அது அவர்களுடையது. ஒரு பையன் கன்றுக்குட்டிக்குச் சீம்பால் கொடுக்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான். போன வருடம் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அப்ப ஆளுக்கு என்ன பண்றீங்க? தன்னார்வலர்கள் வருவாங்கல்ல?

சம்பளத்துக்கு நாலு பேர், நடவு, களை, கடலை பறிப்புக்குக் கூலி ஆட்கள். ஊரில் கொடுக்கும் கூலியைவிடக் குறைத்துக் கொடுப்பதில்லை. "தர்ம காரியம்தானே, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று கூலியாளிடம் கேட்பது தர்மம் இல்லை, அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் கணக்கு எழுத, ஆடிட்டருக்குத் தாள்களை ஒழுங்கு செய்ய, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தால் பெரிய உதவி. களை எடுக்க வந்தவர்கள் உளுந்தையும் சேர்த்துப் பிடுங்கிய நாட்கள் உண்டு.

எங்க வீட்டுப் பசுவைத் தானமா கொடுக்கலாம்னு இருக்கோம், வாங்கிப்பீங்களா?

பெரும்பாலும் மாட்டோம், மனது நோகாதீர்கள். ஒரு தடவை அப்படி வந்த பசு பார்க்க நன்றாக இருந்தது. வந்த இரண்டாவது மாதம் ஏழு மாதக் கருவைக் கலைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் புரூசெல்லா, கருச்சிதைவு நோய். மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய் அது. நல்ல வேளையாகப் பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. இப்போது எந்த மாடு வந்தாலும் ரத்தப் பரிசோதனை, ஒரு மாதம் தனிக் கொட்டகை, அப்புறம்தான் மற்ற மாடுகளோடு சேர்ப்போம்.

பசு கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு வருடத்துக் கடலை விதையோ அடர்தீவனமோ வாங்கிக் கொடுத்தால் உதவி. பொருளாகக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி) கிடைக்காது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடைக்காது. காசோலை, வங்கி வழி கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் கவனிக்க: வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடையைத் தொடக்கூடக் கூடாது.

பால் வத்தின கிழட்டு மாட்டை என்ன செய்றீங்க? கிடாயை விக்கிறீங்களாமே, இது தர்மமா?

கிடாய்களை விற்கிறோம், மறைக்கவில்லை. பக்ரீத், ஊர்த் திருவிழா, ஆடி மாதம் என்று விலை கூடும் நேரம் பார்த்து உயிர் எடையில் விற்கிறோம். இரண்டு வருடம் கிடாய் விற்ற பணத்தில்தான் கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டினோம். இதை ஒப்புக்கொள்ளாத நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பணம் ஆட்டுப் பட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம், தனிக் கணக்கு இருப்பதால் அது முடிகிறது.

மாடு கடினம். பால் வற்றிய, இனி சினை பிடிக்காத மாடு ஒன்று வருடத்துக்கு இரண்டு டன் வைக்கோல் தின்னும் என்று மேலே சொன்னேன். நம்மால் இரண்டை வைத்துக் காப்பாற்ற முடியும், இரண்டு இருக்கின்றன, அவற்றின் தீவனச் செலவை இரண்டு குடும்பங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதுக்கு இடம் இல்லை. அதனால் ஐந்தாறு ஈற்றிலேயே, இன்னும் இரண்டு மூன்று கன்று போடும் நிலையில், கறவைக்கு வேண்டும் என்கிற விவசாயியிடம் விற்றுவிடுகிறோம். இது எனக்கு முழு நிம்மதி தரும் ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் சோற்றுக்கு வந்த பணத்தில் கோசாலை நடத்த எனக்கு உரிமை இல்லை.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லதானே, அப்புறம் ஆடிட்டர் எதுக்கு?

நெல், கடலை, தேங்காய், பூ விற்றது விவசாய வருமானம், வரி இல்லை. பால், முட்டை, ஆடு விற்றது சட்டத்தின் கண்ணில் விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அறக்கட்டளை வருமான வரித்துறையில் பதிவு பெற்றிருந்து, அந்தத் தொழில் அறப்பணிக்குத் துணையாக நடந்து, அதற்குத் தனிக் கணக்குப் புத்தகமும் இருந்து, வருமானத்தில் குறைந்தது 85 சதவீதம் அறப்பணிக்குச் செலவானால் விலக்குக் கிடைக்கும். முன்னே சொன்ன தூணில் தொங்கும் நோட்டு இங்கேயும் கைகொடுக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணைச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் ஆடிட்டரிடம் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: வேளாண் மோட்டாருக்கு வருவது இலவச மின்சாரம். அந்தத் தண்ணீரை இல்லத்துக் குளியலறைத் தொட்டிக்குத் திருப்பக் கூடாது. இல்லத்துக்குத் தனி இணைப்பு, தனி மோட்டார்.

நிலத்தை இல்லத்துக்கு எழுதி வைக்கணும்னு ஆசை. என்ன செய்யணும்?

நல்ல ஆசை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு போன்ற இடங்களில் சத்திரம் கட்டியபோது, அன்னதானம் நிற்காமல் நடக்க நிலங்களையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். கட்டடம் மட்டும் கொடுத்தால் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாய்வார்த்தை தானம் பொதுவாகச் செல்லாது. தானப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் வில்லங்கச் சான்று, பட்டா-சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் பிள்ளைகளிடம் முதலில் பேசிவிடுங்கள், பத்திரம் பதிந்த பிறகு வீட்டுக்குள் வழக்கு வந்தால் நிலம் பத்து வருடம் தரிசாகக் கிடக்கும். நில உச்சவரம்புச் சட்டம் அறக்கட்டளைக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கிணறோ பாதையோ இல்லாத நிலமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு விற்க அனுமதி கொடுப்பீர்களா என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

இயற்கை விவசாயமா பண்றீங்க?

அடுப்படிக்குப் போகிற நெல், காய்கறி, கீரைக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், வேப்பங்கொட்டைக் கரைசல். வாழைக்கும் பூவுக்கும் தேவைப்பட்டால் உரம் வைக்கிறோம். சான்று வாங்கவில்லை, அதனால் இயற்கை விளைபொருள் என்று பெயர் போட்டு விற்பதும் இல்லை.

மழை பொய்ச்சா என்ன செய்வீங்க?

நஞ்சையில் நெல்லை விட்டுவிட்டு, கண்மாயில் இருக்கிற ஈரத்துக்கு ஏற்ப உளுந்தோ எள்ளோ மட்டும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் வாழ்வு. கார்த்திகை பாதியில் கண்மாய் அரைக்குக் கீழே நின்றால், ஆட்டில் பாதியை அப்போதே விற்றுவிடுவோம். பங்குனியில் எல்லோரும் விற்கும்போது எலும்பு விலைக்குத்தான் போகும். வைக்கோல் போர் எப்போதும் ஒரு வருடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இந்த வருட வைக்கோலை அடுத்த வருடம்தான் தொடுவோம்.

நேர்ல வந்து பாக்கலாமா? பிள்ளைங்களோட போட்டோ எடுத்துக்கலாமா?

வாருங்கள், முன்னாடி நாள் சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க முடியாது. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். மாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். கொட்டகை வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், கோமாரி ஊருக்குள் இருக்கும் மாதங்களில் உள்ளே விடமாட்டோம். கறவை பார்க்க வேண்டுமென்றால் விடிகாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள். ஆறு மணிக்கு எல்லோரும் பூப்பறிக்கப் போயிருப்போம்.